பினாங்குக்குப் போன தறி

பினாங்கு,
5 ஜூன் 1936

இளம்பிள்ளை நெசவாளர் கூட்டுறவுச் சங்கத் தலைவர் ஸ்ரீமான் மருதாசல முதலியார் அவர்கள் சமூகத்துக்கு,

வருகிற செப்டம்பர் மாதம் பத்தாம் தேதி தொடங்கி ஒரு வாரம் இவ்வூரில் நடக்கவிருக்கும் சர்வதேசக் கைத்தொழில் மாநாட்டுக்குத் தங்கள் சங்கத்திலிருந்து பிரதிநிதிகளையும் தறி ஒன்றையும் அனுப்ப இசைந்தது பற்றி வரவேற்புக் கமிட்டியார் மிகுந்த சந்தோஷம் அடைகிறார்கள். ஜாவா, சயாம், சீனா, ஜப்பான், பர்மா, இலங்கை ஆகிய தேசங்களிலிருந்து கைவினைக்காரர்கள் வருகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வருவது தங்கள் தறி ஒன்றே. பிரதிநிதிகள் அறிய வேண்டிய சில விஷயங்களைத் தமிழில் எழுதி அனுப்பும்படி கமிட்டியார் எனக்கு உத்தரவிட்டிருக்கிறார்கள்.

கப்பல் நாகப்பட்டினத்தில் புறப்படும். வருகிறவர்கள் முன்கூட்டியே அம்மை குத்திக்கொண்டு, ஆஸ்பத்திரி சர்டிபிகேட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். அது இல்லாதவரைத் துறைமுக டாக்டர் கப்பலேற விடமாட்டார், கெஞ்சிப் பயனில்லை. மேல்தளத்தில் பிரயாணம் செய்கிறவர்களை ஊருக்கு எதிரேயுள்ள தீவில் சில நாள் வைத்துப் பார்த்த பிறகே உள்ளே விடுவார்கள். அது சிறையல்ல, வேளைக்குச் சோறு உண்டு. தறிச் சாமான்கள் நேரே மாநாட்டு மண்டபத்துக்கு வந்துவிடும்.

இங்கே ரூபாய் செல்லாது. வெள்ளி என்று வேறு நாணயம். மாற்றித் தர ஆள் இருப்பார். தினமும் மழை பெய்யும், குடை அவசியம். கம்பளி வேண்டாம். ரிக்‌ஷாவில் ஏறுமுன் கூலி பேசிக்கொள்ள வேண்டும், இறங்கிய பின் பேசினால் தெருவே கூடிவிடும். முள் முளைத்த பெரிய பழம் ஒன்று கடைதோறும் தொங்கும். அதன் நாற்றத்தைக் கொண்டு இந்த ஊரை எடை போட வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறேன். சாப்பாட்டுக்குத் தமிழ்ச் சமையல் ஏற்பாடாகியிருக்கிறது.

வேறு சந்தேகம் இருந்தால் எழுதவும்.

இங்ஙனம்,
திருமதி வேலுசாமி,
வரவேற்புக் கமிட்டிக் காரியதரிசி துரைசானி அவர்களுக்காக


இளம்பிள்ளை,
தாது வருஷம் ஆனி 7

உறையின் மேலே திருமதி வேலுசாமி அவர்களுக்கு என்று எழுதிவிட்டேன். உள்ளே இருப்பது என் அம்மணி கந்தம்மாளுக்கு.

ஏன் அம்மணி, எனக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்த கை எது என்று எனக்குத் தெரியாதா? நீ உன் புருஷன் பெயருக்குப் பின்னால் எவ்வளவு ஒளிந்துகொண்டாலும் உன் எழுத்து ஒளியாது. சங்கத்தில் தலைவர் உன் கடிதத்தைப் படித்தபோது எல்லாரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். "கெஞ்சிப் பயனில்லை" என்ற இடத்தில் எனக்குச் சந்தேகம் தட்டிற்று. பிற்பாடு கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். என் உடம்பெல்லாம் புல்லரித்துப் போயிற்று.

இனி கேள். சங்கத்தார் எதை அனுப்புவது என்று பேசி, கடைசியில் கோர்வைக் கரைப் புடவைதான் என்று முடிவு செய்தார்கள். உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று நெய்வதில் இந்த ஊரில் யார் கை தேர்ந்தது என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் அண்ணனையே பிரதிநிதியாகப் போட்டுவிட்டார்கள். ஒரு பக்கத்துக் கரையின் குறுக்கு நூலை ஓட்டும் நாடாவை நெய்கிறவர் போட்டால், மறுபக்கத்து நாடாவைப் பக்கத்தில் உட்கார்ந்து போட இன்னொரு கை வேண்டுமே. அந்தக் கை நான். ஆகவே நானும் பினாங்குக்கு வருகிறேன்! பனமரத்துப்பட்டி ஏரியைத் தவிர வேறு பெரிய தண்ணீரைக் கண்டறியாத நான், கப்பலில் வருகிறேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. நான்கு பக்கமும் தண்ணீராக இருந்தால் திசை எப்படித் தெரியும்? கப்பலில் தலை வாரிக்கொள்ள இடம் உண்டா? ஜப்பான்காரிகளிடம் என்ன பாஷை பேசுவது? மண்டபத்தில் தறிக்குக் குழி வெட்டியாயிற்றா? உன் கடிதத்தில் குழியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே.

ஒரு விஷயம் மட்டும் மெதுவாகச் சொல்கிறேன். திருமதி வேலுசாமி யார் என்று உன் அண்ணனுக்குத் தெரியாது. அவருக்குத்தான் எழுத்துப் பழக்கம் கிடையாதே. நீ தாலியறுத்து எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது உன்னைச் சேலத்தில் உபாத்தியாயினி வேலைக்குப் படிக்க வைத்தவரும் அவர்தான். நீ பினாங்குப் பள்ளிக்கூடத்துக்குப் போய் அங்கே மறுதாலி கட்டிக்கொண்டாய் என்று செய்தி வந்த அன்று, செத்தவளுக்கு முழுகுவது போல உனக்குத் தலை முழுகியவரும் அவர்தான். எட்டு வருஷமாக இந்த வீட்டில் உன் பெயரை யாரும் சொல்வதில்லை. இப்போது சொன்னால் வர மாட்டேன் என்பார். அதனால் நான் சொல்லப் போவதில்லை. கப்பலேறிய பிறகு எங்கே போவார், கடலிலா குதிப்பார்?

உன் பதிலுக்கு ஒற்றைக்காலில் நிற்கும்,
அண்ணி மயிலம்மாள்


பினாங்கு,
3 ஜூலை 1936

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் வைத்துப் பிரித்தேன். அது தவறு. பிள்ளைகள் எல்லாம் "டீச்சர் ஏன் அழுகிறீர்கள்" என்று சூழ்ந்துகொண்டார்கள். அழவில்லை, சிரிக்கிறேன் என்றேன். இரண்டும்தான்.

இளம்பிள்ளைச் சங்கத்தின் பெயரைக் கமிட்டியில் சொன்னது நான். அண்ணன் வருவார் என்று சாமி சத்தியமாக எனக்குத் தெரியாது. தெரியாது என்றால் ஆசைப்படவில்லை என்று அர்த்தம் இல்லை.

குழியைப் பற்றி எழுதினீர்களே, மானம் போய்விட்டது. நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள், தறிக்குக் குழி வேண்டும் என்பதையே மறந்து போனேன். கரும்பலகையோடு பழகிப் பழகி இப்படி ஆகிவிட்டது. காரியதரிசி துரைசானியிடம் போய், மண்டபத்தின் நடுவில் இடுப்பளவு பள்ளம் வெட்ட வேண்டும் என்றேன். தரை தேக்குப் பலகை, இப்போதுதான் மெருகேற்றியிருக்கிறது என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். பிறகு இருவரும் யோசித்து, மேடை ஒன்று கட்டி அதில் காலை விட இடம் விடுவது என்று தீர்மானித்திருக்கிறோம். தறிக்கு வேண்டிய நீள அகலங்களைக் கயிற்றில் முடிச்சுப் போட்டு அனுப்புங்கள். அண்ணனுக்குத் தெரிந்த அளவு அதுதானே.

உங்களுக்கென்று தனியாகச் சில தகவல்கள். கப்பலில் தலை வாரலாம், ஆனால் காற்று அடுத்த நிமிஷம் கலைத்துவிடும். இறுக்கிப் பின்னிக்கொண்டு வாருங்கள். முதல் இரண்டு நாள் வயிறு புரட்டும், உப்புப் போட்டு ஊறவைத்த எலுமிச்சங்காய் கையோடு இருக்கட்டும். திசையைக் கப்பல்காரன் பார்த்துக்கொள்வான். ஜப்பான்காரிகளிடம் சிரித்தால் போதும், அவர்களும் அதைத்தான் செய்வார்கள். பாவு நூலுக்கு அங்கேயே கஞ்சி போட்டு வெயிலில் நன்றாக உலர்த்திச் சுருட்டிக்கொண்டு வாருங்கள். இந்த ஊர் மழையை நம்பித் தெருவில் பாவு விரிக்க முடியாது. மலை மேலே கயிற்றால் இழுக்கிற ரயில் ஒன்று இருக்கிறது, உங்களை அதில் ஏற்றிக் கத்த வைக்கப் போகிறேன்.

ஆனால் அண்ணி, ஒன்று. அண்ணனிடம் சொல்லிவிடுங்கள். அவர் தெரியாமல் வந்து கரையில் என்னைப் பார்த்துத் திகைத்து நிற்பதை என்னால் தாங்க முடியாது. என்னை ஏமாற்றித்தானே கொண்டுவந்தாய் என்று வாழ்நாள் முழுதும் உங்களைத்தான் கேட்பார். தெரிந்து வந்தால் வரட்டும். தெரிந்து வராவிட்டால் அதையும் சகித்துக்கொள்கிறேன். எட்டு வருஷம் பழகியதுதான்.

இவர் உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார். இவர் இங்கே மருந்துக்கடையில் கம்பவுண்டர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அண்ணன் வந்தால் எப்படி நிற்பது, எங்கே நிற்பது என்று இப்போதே கேட்டு என்னைத் தொந்தரவு செய்கிறார்.

உங்கள்,
கந்தம்மாள்


இளம்பிள்ளை,
ஆடி 4

அம்மணி கந்தம்மாளுக்கு,

கயிறு அனுப்பியிருக்கிறேன். பெரிய முடிச்சு நீளம், சின்ன முடிச்சு அகலம், சிவப்புத் துணி கட்டியிருப்பது குழியின் ஆழம். கயிறு எதற்கு என்று உன் அண்ணன் கேட்டார். துரைசானி கேட்கிறாள் என்றேன். வெள்ளைக்காரி கயிற்றில் அளப்பாளா என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டு, நான் போட்ட முடிச்சை அவிழ்த்து அவரே திருத்திப் போட்டுத் தந்தார். உனக்கு வந்திருக்கும் முடிச்சு அவர் கை முடிச்சு.

ஊரில் எனக்கு இப்போது ராணி மரியாதை. தண்ணீர் எடுக்கப் போனால் எனக்கு முதல் குடம். பக்கத்து வீட்டுச் சென்னம்மாள் மட்டும், கடல் தாண்டினால் பொம்பளைக்குப் பல் விழுந்துவிடும் என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். ஆசை வெட்கம் அறியாது என்பார்கள், எனக்குப் பல்லும் பெரிதாகத் தெரியவில்லை. வயிறு புரட்டுவதைப் பழகிக்கொள்ளலாம் என்று வேப்பமரத்து ஊஞ்சலில் உட்கார்ந்து வேகமாக ஆடிப் பார்த்தேன். சென்னம்மாள் அதையும் பார்த்துவிட்டாள்.

கரைக்குச் சிவப்பு, உடம்புக்கு மாம்பழ மஞ்சள் என்று சாயம் முடிவாகிவிட்டது. கரையில் கோபுரம் ஓடும். உன் அண்ணன் பேச்சே தனியாக இருக்கிறது. "சப்பான்காரன் நம்ம கரையத் திருப்பிப் பாக்கோணும், பின்பக்கமும் முன்பக்கம் மாதிரியே இருக்கோணும்" என்று சாப்பிடும்போதுகூடச் சொல்கிறார். இப்படிக் குதூகலிக்கிற மனுஷனிடம் உன் பெயரை எடுத்து எல்லாவற்றையும் கெடுக்கச் சொல்கிறாயே. பழுக்கிற நேரத்தில் மரத்தை உலுக்கச் சொல்கிறாய்.

உனக்கு எல்லாம் நேர்வழி. நேர்வழியில் போய்த்தான் நீ பினாங்கில் இருக்கிறாய், நாங்கள் இங்கே இருக்கிறோம். கோபித்துக்கொள்ளாதே, உண்மையைச் சொன்னேன். நீ தாலி கட்டிக்கொண்டதில் எனக்கு அன்றைக்கும் வருத்தம் இல்லை. எனக்கு ஒரு வார்த்தை முன்னால் எழுதியிருக்கலாம் என்பதுதான் வருத்தம். அதுவும் உன் கடிதத்தைப் பார்த்த அன்றே போயிற்று.

சரி, யோசிக்கிறேன்.

மயிலம்மாள்


பினாங்கு,
31 ஜூலை 1936

அன்புள்ள அண்ணிக்கு,

கயிறு வந்தது. முடிச்சை அவிழ்க்க மனம் வரவில்லை. தச்சர் ஒரு சீனக் கிழவர். கயிற்றை வாங்கிப் பார்த்து, தலையை ஆட்டி, தன் கோலால் அளந்துகொண்டு எனக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். மேடை எழும்பிவிட்டது. நேற்று யாரும் இல்லாத சமயம் பார்த்துக் குழியில் காலை விட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஆழம் சரியாக இருக்கிறது. பக்கத்தில் நீங்கள் உட்காரப் பலகை ஒன்று தனியாகப் போடச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் தறி மண்டபத்தின் வாசலுக்கு நேரே. வலதுபுறம் ஜாவாப் பெண்கள், மெழுகு வைத்துத் துணிக்குச் சாயம் ஏற்றுகிறவர்கள். இடதுபுறம் சயாம்காரர்களின் பட்டு. தினமும் மாலையில் எல்லாத் தேசத்தாரும் சேர்ந்து தேநீர் குடிப்பார்கள். பால் இல்லாமல் ஊற்றினால் முகம் சுளிக்காதீர்கள், பால் டின் என்னிடம் இருக்கும். பிரதிநிதிகள் தங்குவது பள்ளிக்கூடக் கட்டிடத்தில். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு அறையை ஒழித்து வெள்ளையடித்துவிட்டார் இவர். வேண்டாம், அண்ணன் வர மாட்டார் என்றேன். அறை சுத்தமாக இருப்பதில் யாருக்கு நஷ்டம் என்கிறார்.

அண்ணி, நீங்கள் எழுதியதற்குக் கோபம் இல்லை. முன்னால் எழுதாதது என் தவறுதான். எழுதினால் நீங்கள் வேண்டாம் என்று சொல்லிவிடுவீர்களோ என்ற பயம். உங்கள் பேச்சைத் தட்டும் தைரியம் எனக்கு இருந்ததில்லை, அண்ணன் பேச்சைத் தட்டும் தைரியம் இருந்தது.

சொல்லிவிடுங்கள். அம்மை குத்திக்கொள்ளவும் மறக்காதீர்கள். நாளாகிவிட்டது.

கந்தம்மாள்


இளம்பிள்ளை,
ஆடி 30

அம்மணி கந்தம்மாளுக்கு,

சொல்லிவிட்டேன்.

ஆடிப் பதினெட்டு கழியட்டும் என்று காத்திருந்தேன். அவர் தறியில் இருந்தார், நான் பக்கத்தில் கரை நாடா போட்டுக்கொண்டிருந்தேன். பினாங்கிலிருந்து எழுதுகிறது உங்கள் தங்கைங்க என்று சொன்னேன். அவர் கால் நிற்கவில்லை. நாடா போய் வந்துகொண்டே இருந்தது. கேட்கவில்லையோ என்று மறுபடியும் சொன்னேன். மத்தியானம் வரை நெய்தார். பிறகு எழுந்து போய்க் கை கால் கழுவிக்கொண்டு வந்து, சங்கத்துக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, சங்கத்து வேலையாகப் போகிறேன், யாரையும் பார்க்கப் போகவில்லை என்றார். அவ்வளவுதான். நான் துள்ளிக் குதிக்காத குறை.

மறுநாள் இன்னொன்று சொன்னார். அதை அவர் வாயாலேயே கேள். "அங்க எதாச்சும் கேக்கோணும்னா நீ கேட்டு எனக்குச் சொல்லு. நாஞ் சொல்றத நீ அங்க சொல்லு. எனக்கும் அதுக்கும் பேச்சு வேண்டாம்."

அது என்றது உன்னைத்தான். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. தண்ணீர் வேண்டுமா என்று நீ என்னைக் கேட்க, நான் அவரைக் கேட்க, வேண்டாம் என்று அவர் என்னிடம் சொல்ல, நான் உன்னிடம் சொல்ல. பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டு. இதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

நாளை சேலம் ஆஸ்பத்திரிக்கு அம்மை குத்திக்கொள்ளப் போகிறோம். புதுப்புடவை ஒன்று எடுத்திருக்கிறேன், கப்பலுக்கென்று. பச்சை.

மயிலம்மாள்


நாகப்பட்டினம்,
ஆவணி 15

என் கண்ணு கந்தம்மாளுக்கு,

இந்தக் கடிதம் உன் அண்ணன் வரும் கப்பலிலேயே வருகிறது. அவரைத் தீவில் நிறுத்தி வைப்பார்கள், தபாலை நிறுத்த மாட்டார்கள் அல்லவா? ஆகவே அவருக்கு முன்னால் இது உன் கையில் இருக்கும். சட்டென்று படி.

அவர் மட்டும்தான் வருகிறார். நான் வரவில்லை.

பதறாதே, எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. சேலத்து ஆஸ்பத்திரியில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. நான் என் வரிசையிலிருந்து விலகி வெளியே வந்து, கையில் துணி சுற்றிக்கொண்டேன். வலிக்குதா என்று கேட்டார். ஆமாங்க என்றேன். இரண்டு பேர் காகிதமும் என்னிடம்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார். இன்று துறைமுகத்து டாக்டர் என் காகிதம் எங்கே என்றார். இல்லை என்றேன். நீ எழுதியது போலத்தான், அவரும் கெஞ்ச விடவில்லை. உன் அண்ணன்தான் கெஞ்சினார். அதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

யோசித்துப் பார், அம்மணி. நான் வந்தால் அந்த வாரம் முழுக்க அவர் என் வாயால் பேசி, என் காதால் கேட்டு, உன்னை ஏறிட்டும் பாராமல் கப்பலேறித் திரும்பிவிடுவார். நடுவில் நான் இருக்கும் வரை அவருக்கு உன் முகம் தேவையில்லை. நான் சுவராக நிற்க அவ்வளவு தூரம் வர வேண்டுமா? கோர்வை நெய்ய இரண்டாவது கை வேண்டும். இளம்பிள்ளையில் என்றால் தெருவுக்கு நாலு கை கிடைக்கும். பினாங்கில் உன்னை விட்டால் யார்? கல்யாணமாகிப் போகும் வரை அவருக்குக் கரை போட்டவள் நீதானே.

அவர் திரும்பி விடுகிறேன் என்றுதான் சொன்னார். தறி கப்பலில் ஏறியாயிற்று. தறி போய் நெய்கிறவர் போகவில்லை என்றால் சங்கத்தின் பெயர் என்னாகும் என்று நான் கேட்டேன். எங்களை வழியனுப்ப வந்த மருதாசல முதலியாரும் அதையேதான் சொன்னார். பக்கத்தில் உட்கார ஆள் வேண்டுமே என்றார் உன் அண்ணன். "அங்க ஒருத்தி இருக்கறாளுங்க" என்றேன். என்னை வெகுநேரம் பார்த்தார். வேண்டுமென்றே செய்தேன் என்பது அப்போது அவருக்குப் புரிந்திருக்கும். போய்ப் படகில் ஏறிக்கொண்டார்.

கடலைப் பார்த்துவிட்டேன். ஏரி மாதிரி இருக்கும் என்று நினைத்தேன், எதைப் போலவும் இல்லை. பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு கரையில் நின்று, கப்பல் மறைகிற வரை அழுதேன். எனக்கு வர ஆசையில்லை என்று நினைத்துவிடாதே. முதலியாரோடு சாயங்கால ரயிலில் ஊர் திரும்புகிறேன்.

இனி உன் பாடு.

அண்ணி


பினாங்கு,
17 செப்டம்பர் 1936

என் அண்ணிக்கு,

உங்களை எப்படித் திட்டுவது என்று தெரியவில்லை. தெரிந்த வசவையெல்லாம் எழுதி, கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த பின் எனக்குச் சோறு இறங்கவில்லை. தீவிலிருந்து பிரதிநிதிகளைக் கூட்டி வந்த படகுக்கு நானும் போயிருந்தேன். அண்ணனுக்கு முன் தலையெல்லாம் நரைத்துவிட்டது, நீங்கள் எழுதவே இல்லையே. எல்லாருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு என்னைத் தாண்டிப் போய்விட்டார். தங்கும் இடத்தைக் காட்டினேன், பின்னால் வந்தார். சாப்பாட்டு நேரத்தைச் சொன்னேன், சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார். தறியைத் தாமே பூட்டினார். குழியில் இறங்கி உட்கார்ந்து, காலை நீட்டிப் பார்த்து, மேடையைக் கையால் தட்டிப் பார்த்தார். குறை ஒன்றும் சொல்லவில்லை.

முதல் நாள் மண்டபம் நிறைந்திருந்தது. ஒவ்வொரு தேசமாக அழைத்தார்கள். இளம்பிள்ளை சரவணமுத்து, மயிலம்மாள் என்று கூப்பிட்டதும் அண்ணன் குழியில் இறங்கினார். பக்கத்துப் பலகை காலியாக இருந்தது. அவர் தறியை மிதிக்கவும் இல்லை, நாடாவை எடுக்கவும் இல்லை. தலையைக் குனிந்து பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் காத்திருந்தது. சயாம்காரர்கள் தங்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். துரைசானி என்னைப் பார்த்தாள். மேஜை மேல் உங்கள் பெயர் எழுதிய வில்லை கிடந்தது, பிரதிநிதிகள் மார்பில் குத்திக்கொள்வது. அதை எடுத்துக் குத்திக்கொண்டு போய்ப் பலகையில் உட்கார்ந்தேன்.

அவர் திரும்பவில்லை. ஆனால் மிதித்தார். நானும் நாடாவைப் போட்டேன். கை மறக்கவில்லை என்று நினைத்தேன், மறந்துதான் போயிருந்தது. கரை நூல் தொய்ந்து, ஓரம் பிசிறு பிசிறாக வந்தது. இன்னும் கொஞ்சம் நெய்தோம், இன்னும் மோசமாயிற்று. ஜப்பான்காரர் ஒருவர் குனிந்து உற்றுப் பார்த்தார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல் இருந்தது. அண்ணன் காலை எடுத்துவிட்டார். தறி நின்றது. எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். பாவைப் பார்த்தபடியே சொன்னார்.

"இறுக்கிப் போடு சாமி."

நம் ஊரில் சாமி என்று யாரை வேண்டுமானாலும் சொல்வார்கள், பெரியவரையும் சொல்வார்கள், கைக்குழந்தையையும் சொல்வார்கள். பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கண் கேட்டால்தானே. சற்றுப் பொறுத்து, கஞ்சி போட்ட பாவு நனைகிறது, முகத்தைத் துடைத்துக்கொள் என்றார். துடைத்துக்கொண்டு இறுக்கிப் போட்டேன். மாலைக்குள் கோபுரக் கரை கத்தியால் வெட்டியது போல் நின்றது. அந்த ஜப்பான்காரர் துணியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்துவிட்டு, இடுப்பு வளையக் குனிந்து அண்ணனுக்கு வணக்கம் போட்டார். அண்ணனுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அவரும் எழுந்து, குழியில் நின்றபடியே குனிந்தார்.

மறுநாளிலிருந்து வேலை நேரத்தில் பேச்சு இருந்தது. நூல், நாடா, அவ்வளவுதான். மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. இவர் குடையோடு மண்டப வாசலில் நின்றார். அண்ணன் இவரைப் பார்த்தார், குடையைப் பார்த்தார், இறங்கி வந்து அதன் கீழே நின்றுகொண்டார். அப்படியே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். சாப்பிட்டார். இவரோடு இன்னும் சரியாகப் பேச்சு இல்லை, உங்களிடம் மறைப்பானேன். மாப்பிள்ளை என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. இவர் பரிமாறினார், அவர் போதும் என்று கையை மட்டும் காட்டினார். ஆனால் வெள்ளையடித்த அறையில்தான் அன்று முதல் படுக்கை.

நேற்றோடு எல்லாம் முடிந்தது. இந்தக் கடிதம் வரும் கப்பலிலேயே அவரும் வருகிறார். மார்கழி லீவுக்கு ஊருக்கு வா என்று என்னிடம் சொல்லவில்லை. மார்கழியில் பள்ளிக்கூடம் எத்தனை நாள் சாத்தியிருக்கும் என்று மட்டும் கேட்டார்.

இன்று காலை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். இவ்வூரிலேயே அச்சாகும் தமிழ்ப் பத்திரிகையில் மாநாட்டுச் செய்தி வந்திருந்தது. இளம்பிள்ளை சரவணமுத்து முதலியாரும் அவர் மனைவி மயிலம்மாளும் நெய்த புடவையை எல்லாத் தேசத்தாரும் புகழ்ந்தார்கள் என்று போட்டிருந்தான். என் மார்பில் உங்கள் பெயர் இருந்தால் வேறு என்ன போடுவான்? இவர் அதைப் படித்துக் காட்டினார். நான் சிரித்தேன், அண்ணிக்கு வெட்டி அனுப்பலாம் என்றேன். அண்ணன் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, நேராக என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"தப்பாப் போட்டிருக்கறான். அது எந்தங்கச்சி கந்தம்மாள்னு போயிச் சொல்லிப்போட்டு வா."

போய்ச் சொல்லிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன், அண்ணி.

கந்தம்மாள்